தஸ்பீஹ் மணியும் இரும்பின் அணுவும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயில் பொன்னேரியையும் கவரைப்பேட்டையையும் கடந்து கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் அப்பால் புகைபோக்கிகள் தென்படத் தொடங்கும். அதுதான் சிப்காட் தொழிற்பேட்டை. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பிகளாக்கும் ஆலைகள் அங்கே பல உள்ளன. அவற்றில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மஃரிப் தொழுகைக்குப் பின் ஓத வரும் மதரஸா ஒன்றில் நான் ஆசிரியராக இருக்கிறேன். அரபி ஓதி முடித்த பின்னர் அஞ்சல் வழியில் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றேன். அறிவியல் பாடத்தோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துபோயிற்று.

இக்கட்டுரையை நான் என் புலமையைக் காட்ட எழுதவில்லை. என்னிடம் ஓதும் பிள்ளை ஒருவனுக்கு நான் இழைத்த தவறு ஒன்றையும், அதைத் திருத்த முயன்றபோது நான் கற்றுக்கொண்டதையும் வாசகச் சகோதர சகோதரிகளின் முன் வைக்கவே எழுதுகிறேன்.

ஒரு நாள் 'ஸில்ஸால்' அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குப் பொருள் கூறி விளக்கிக்கொண்டிருந்தேன். நன்மையோ தீமையோ, 'தர்ரா' அளவு செய்தாலும் அதை மனிதன் மறுமையில் காண்பான் என்னும் எச்சரிக்கை அதில் வருகிறது. "தர்ரா என்றால் அணு. விஞ்ஞானிகள் நேற்றுக் கண்டுபிடித்ததைக் குர்ஆன் என்றோ சொல்லிவிட்டது!" என்று உணர்ச்சியோடு கூறினேன். பிள்ளைகள் வியந்தனர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், அணுவுக்குள்ளேயும் எலக்ட்ரான், புரோட்டான் எல்லாம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே! அவை தர்ராவை விடச் சிறியவையா? அவற்றுக்கு அரபியில் என்ன பெயர்?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று கூற நாவும் எழவில்லை. "ஓதும் இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்காதே, உட்கார்!" என்று அதட்டினேன். பிள்ளை உட்கார்ந்தான். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழிந்தன. அவனுடைய வாப்பா ஒரு நாள் இஷாவுக்குப் பின் என்னைத் தேடி வந்தார். பழவேற்காட்டைச் சேர்ந்தவர், உருக்காலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஃபர்னஸில் வேலை செய்பவர்.

"பையன் இனி ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்கிறான், ஹஜ்ரத். சயின்ஸ் தலையில் ஏறவில்லையாம். ஒரு கடையில் நிற்கிறேன், பதினெட்டு வயது ஆனதும் உங்களோடு ஃபர்னஸுக்கு வந்துவிடுகிறேன் என்கிறான். அந்த வெக்கை என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்."

மறுநாள் பிள்ளையைத் தனியே அழைத்து விசாரித்தேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவன், "கேட்டால் ஏசுகிறார்கள். கேட்காவிட்டால் புரியவில்லை" என்றான். "எங்கே கேட்டாய்? யார் ஏசினார்கள்?" என்று வினவினேன். அவன் விடை கூறாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் 'லா அத்ரீ', அதாவது 'எனக்குத் தெரியாது' என்று கூறத் தயங்காதவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை எடுத்துரைத்தவன் நான். என் முறை வந்தபோது அச்சொல் எங்கே போயிற்று?

"தம்பி, அன்று நீ கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் உன்னை அதட்டினேன். தவறு என்னுடையது. உன் அறிவியல் புத்தகத்தைக் கொண்டு வா. இஷாவுக்குப் பின் நாம் இருவரும் சேர்ந்து படிப்போம்" என்றேன். அவன் நம்பாதவன்போல் என்னை நோக்கினான். ஆயினும் மறுநாள் புத்தகத்தோடு வந்தான்.

* * *

'அணு அமைப்பு' என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம். வரலாறு படித்தவனாகையால், யார் எதை எப்போது கண்டார் என்னும் வழியிலேயே நான் உள்ளே நுழைந்தேன்.

பொருளைப் பிளந்துகொண்டே போனால் இனிப் பிளக்க முடியாத ஒரு கூறில் நிற்குமா என்பது பழைய கேள்வி. கிரேக்கர்கள் கேட்டார்கள்; நம் நாட்டில் வைசேடிகர்கள் கேட்டார்கள்; நம் கலாம் அறிஞர்களும் கேட்டார்கள். மதரஸாவில் நான் ஓதிய 'ஷரஹுல் அகாயித்' என்னும் நூலில் 'பிரிவுபடாத கூறு' பற்றிய விவாதம் வருகிறது. அஷ்அரி வழியினர் அப்படி ஒன்று உண்டு என்றனர். நள்ளாம் என்னும் முஃதஸிலா அறிஞர் இல்லை என்றார். அன்று அதைப் பொருள் விளங்காமலே மனனம் செய்தேன். இந்தப் பிள்ளையோடு அமர்ந்தபோதுதான் அது எத்துணை உயிருள்ள கேள்வி என்பது புரிந்தது. முன்னோர் அதைச் சிந்தனையால் அணுகினர். பின்வந்தோர் சோதனையால் அணுகினர்.

1897இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். பிரிவுபடாதது எனக் கருதப்பட்ட அணுவுக்குள் எதிர்மின்சுமை கொண்ட துகள் இருப்பது தெரிந்தது. அணு முழுவதும் நேர்மின்சுமை பரவியிருக்கிறது, அதில் எலக்ட்ரான்கள் பதிந்துள்ளன என்று தாம்சன் எண்ணினார். தர்ப்பூசணியின் செஞ்சதையில் விதைகள் இருப்பதுபோல எனப் பள்ளி ஆசிரியர்கள் இதனை விளக்குவதுண்டு.

1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் கெய்கரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவின. சில விலகின. பல்லாயிரத்தில் ஒன்று, வந்த திசைக்கே திரும்பிற்று!

"இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நான் என்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டேன். பிள்ளை சிறிது யோசித்தான்.

"இருட்டில் தோப்புக்குள் கல்லெறிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹஜ்ரத். எல்லாக் கல்லும் சத்தமில்லாமல் போகிறது. ஒரே ஒரு கல் மட்டும் 'டங்' என்று திரும்பி வருகிறது. அப்படியானால் உள்ளே எங்கோ சின்னதாக, ஆனால் கெட்டியாக ஒரு கம்பம் இருக்கிறது."

மாஷா அல்லாஹ்! பாடநூல் ஒரு பக்கத்தில் கூறியதை அவன் இரண்டு வரியில் கூறிவிட்டான். 1911இல் ரூதர்ஃபோர்டு கண்ட முடிவும் அதுவே. அணுவின் நேர்மின்சுமை முழுவதும், நிறையில் ஏறத்தாழ முழுவதும், நடுவிலுள்ள மிகச் சிறிய உட்கருவில் அடங்கியிருக்கிறது. தலையில் ஏறவில்லை என்று சொல்லப்பட்ட பாடம் இதுதான்!

* * *

எவ்வளவு சிறிய உட்கரு? நூலிலுள்ள எண்களைப் படித்தோம், மனத்தில் நிற்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இரும்பணுக்களை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 4 கோடி அணுக்கள் வேண்டும். அந்த ஓர் அணுவின் குறுக்களவோ அதன் உட்கருவைப் போல் 25,000 மடங்குக்கும் அதிகம்.

என் சட்டைப்பையில் அறுந்துபோன தஸ்பீஹின் மணி ஒன்று இருந்தது. 8 மில்லிமீட்டர் இருக்கும். அதை மதரஸாவின் வாசற்படியில் வைத்தோம். "இது இரும்பின் உட்கரு என்றால், அணுவின் விளிம்பு எங்கே?" பிள்ளை கணக்குப் போட்டான். 100 மீட்டருக்கும் அப்பால்! இருவரும் தப்படி எண்ணிக்கொண்டே தெருவில் நடந்தோம். தேநீர்க் கடையைத் தாண்டி, சைக்கிள் கடையையும் தாண்டி நின்றோம். திரும்பிப் பார்த்தால் மணி தெரியவில்லை. வாசல் விளக்கு மட்டும் தெரிந்தது. அந்த மணிக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் இடையிலுள்ள வெளி முழுவதற்கும் எலக்ட்ரான்கள் வெறும் 26. அணுவின் நிறையில் 100க்கு 99.9 பங்குக்கும் மேல் அந்தச் சிறு மணியில்!

"அப்படியானால் இரும்புக்குள் இவ்வளவு வெற்றிடமா? பிறகு ஏன் கை உள்ளே போகவில்லை?" என்றான்.

அதட்டுவதற்குப் பழகிய நாவை அடக்கிக்கொண்டு, "தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். நம் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் இளைஞர் ஒருவர் ஆலையின் ஆய்வகத்தில் வேதியியலாளராகப் பணியாற்றுகிறார். அவரிடம் கேட்டேன். கையின் அணுக்களிலும் எலக்ட்ரான்கள் உண்டு, இரும்பின் அணுக்களிலும் உண்டு. அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையவும் அவற்றின் இயல்பு இடங்கொடாது என்று அவர் விளக்கினார். ஆக, கடினம் என்று நாம் உணர்வது பொருள் நிறைந்திருப்பதனால் அன்று. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமையால்.

அவர் இன்னொன்றும் கூறினார். மணியைச் சுற்றி எலக்ட்ரான்கள் கோள்களைப்போல் பாதையில் சுழல்கின்றன என்று எண்ணிவிடக் கூடாதாம். 1913இல் நீல்ஸ் போர் வட்டப்பாதைகளாக வரைந்தார். 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்த பின், இன்ன இடத்தில் காணப்படும் வாய்ப்பு இவ்வளவு என்று மட்டுமே கூறுகிறார்கள். எனினும், எலக்ட்ரான்களை எண்ணி அடுக்கிப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வட்டங்கள் இன்றும் உதவுகின்றன.

* * *

அடுத்தது எண்ணிக்கை. உட்கருவில் நேர்மின்சுமையுள்ள புரோட்டான்களும், 1932இல் சாட்விக் கண்டறிந்த மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. ஒரு புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 1,836 மடங்கு. புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். அதுவே அணுவின் பெயரை முடிவு செய்கிறது. 26 என்றால் இரும்பு. ஒன்று குறைந்து 25 ஆனால் மாங்கனீசு. 6 என்றால் கார்பன், 16 என்றால் கந்தகம். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது. எடை மட்டுமே மாறும். அவற்றையே ஐசோடோப்புகள் என்கிறார்கள். இரும்பில் பெரும்பகுதி 30 நியூட்ரான்கள் கொண்டது. நிறை எண் 56.

அணு எண்ணின் பொருளைச் சோதனையால் நிறுவியவர் மோஸ்லி என்னும் இளைஞர், ஆண்டு 1913. இரண்டே ஆண்டுகளில், முதல் உலகப் போரில் துருக்கியின் கல்லிப்போலிப் போர்க்களத்தில், தம் 27ஆம் வயதில் அவர் உயிரிழந்தார். கல்லிப்போலிப் போரை வரலாற்றுப் பாடத்தில் படித்தவன் நான். அங்கே மடிந்தவர்களில் இப்படி ஒருவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

இங்கே பிள்ளையின் வாப்பா உரையாடலில் சேர்ந்துகொண்டார். மகனை அழைத்துச் செல்ல வந்தவர், வாசலில் நின்றவாறே, "ஃபர்னஸில் 1,600 டிகிரி வரை கொதிக்கிறதே, அதில் இந்த எண்ணிக்கை மாறிவிடாதா?" என்று கேட்டார். மாறாது. வேதிமாற்றத்தில் பங்குகொள்பவை பெரும்பாலும் வெளிப்புற எலக்ட்ரான்களே. இரும்பு துருப்பிடிக்கும்போது அது ஆக்சிஜனுக்குச் சில எலக்ட்ரான்களை இழக்கிறது, உட்கருவோ தீண்டப்படுவதில்லை. ஆகவேதான் துருப்பிடித்த பழைய ஸ்கிராப்பும் உலைக்குள் சென்று மீண்டும் இரும்பாகவே வெளிவருகிறது. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க உலைகளில் உழன்ற ரசவாதிகள் தோற்றதும் இதனால்தான். உலோகத்தின் வகையை அவ்வாறு மாற்ற முடியாது என்று 1037இல் மறைந்த இப்னு ஸீனா அவர்கள் அன்றே மறுத்துரைத்திருக்கிறார்கள்.

* * *

அந்த வேதியியலாளர் ஒரு நாள் எங்களுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் வட்ட இரும்புத் துண்டு. ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, அதில் கரிந்த சிறு பொட்டுகள் இருந்தன. பிள்ளையின் வாப்பா கண்டவுடன், "இது சாம்பிள் அல்லவா!" என்றார்.

உருகிய இரும்பைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றி, ஆறியதும் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வது அவர் பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலைகளில் ஒன்று. அங்கே 'ஸ்பெக்ட்ரோ' என்னும் கருவி இருக்கிறது. அது துண்டின் மீது மின்பொறியைப் பாய்ச்சுகிறது. மேற்பரப்பிலுள்ள அணுக்கள் ஆவியாகி, அவற்றின் எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று மேல்மட்டத்துக்கு ஏறுகின்றன. ஏறியவை தங்குவதில்லை; கீழே இறங்கும்போது பெற்ற ஆற்றலை ஒளியாக வெளியிடுகின்றன. எலக்ட்ரான் எந்த மட்டத்திலும் நிற்கலாம் என்பதில்லை. மாடிப்படிபோல் குறிப்பிட்ட மட்டங்களே உண்டு. ஒவ்வொரு தனிமத்தின் படிகளும் வேறு; ஆகவே வெளிவரும் ஒளியின் நிறங்களும் வேறு. கருவி அந்த ஒளியைப் பிரித்து, கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று கூறிவிடுகிறது. வீடு கட்டும் முறுக்குக் கம்பியில் 'எஃப்இ 500' என்னும் தரத்துக்குக் கார்பன் 0.30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி.

இதை வீட்டிலேயே காணலாம், சகோதரிகளே! நோன்புக் கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது, எரிவாயுவின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறதல்லவா? உப்பிலுள்ள சோடியத்தின் எலக்ட்ரான்கள் ஏறி இறங்கும் ஒளி அது. பிள்ளைகள் அருகிலிருந்தால், சற்றுத் தள்ளி நிறுத்தி அதைக் காட்டுங்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே செல்லும் இதே இருப்புப்பாதை நம்மை ஆந்திரத்துக்குக் கொண்டு செல்கிறது. அங்கே குண்டூரில் 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார் பிரெஞ்சு நாட்டு ஜான்சன். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் அதை ஆராய்ந்தார். அவ்வாண்டு சூரிய ஒளியில் காணப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆனால் அதுவாக இல்லை. அது புதிய தனிமத்துடையது என்று இங்கிலாந்தின் லாக்யர் கருதினார். கதிரவனின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. 1895இல்தான் ராம்சே அதைப் பூமியில் பிரித்தெடுத்தார். 2 புரோட்டான்கள் கொண்ட அந்தத் தனிமத்தைச் சூரியனில் அடையாளம் காட்டிய அதே முறைதான், இன்று நம் ஊர் ஆலையில் இரும்பைச் சோதிக்கிறது.

பிள்ளை அந்த வட்டத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கரிந்த பொட்டு ஒவ்வொன்றையும் காட்டி இவற்றைத் தன் வாப்பாவுக்கு விளக்கினான். அவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாம்பிளைக் கொடுத்துவிட்டு 'ஓகே' வருமா, வராதா என்று பயந்து நிற்பதுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரியும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் இவன் சொல்லித் தெரிந்தது" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அதன் பின் பள்ளியை விடும் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

* * *

பிள்ளையின் முதற்கேள்விக்கு வருகிறேன். தர்ரா என்றால் என்ன? முற்கால விரிவுரையாளர்கள் அதற்குச் சிற்றெறும்பு என்றும், சாளரத்தின் வெயிற்கற்றையில் மிதக்கும் தூசி என்றும் பொருள் எழுதியுள்ளனர். அணுவுக்கு ஒரு சொல் தேவைப்பட்டபோது இக்கால அரபி இச்சொல்லை எடுத்துக்கொண்டது. எலக்ட்ரானை அரபியில் 'இலக்த்ரூன்' என்றே கூறுகிறார்கள். தர்ராவை விடச் சிறியதும் இறைவனின் அறிவுக்குத் தப்பாது என்று குர்ஆன் வேறிடங்களில் கூறுவது உண்மை. ஆனால் அது இறைவனின் பேரறிவைப் பற்றிய செய்தி. அணு அமைப்பைப் பற்றிய பாடம் அன்று.

தாம்சனின் அணுவை ரூதர்ஃபோர்டு மாற்றினார். அவருடையதைப் போர் மாற்றினார். அதையும் பின்வந்தோர் மாற்றினர். இவ்வாறு மாறிவருவதன் மீது மாறாத இறைவசனத்தைச் சாய்த்து வைப்பது மரியாதையன்று என்பதை நான் தாமதமாக உணர்ந்தேன். இதை அதே பிள்ளைகளின் முன் எழுந்து நின்று கூறினேன். அன்று நான் அதட்டியது தவறு என்பதையும் கூறினேன். தர்ரா அளவு தீமையும் கணக்கில் வரும் என்று ஓதிக்கொடுத்த அதே வேளையில் ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேனே, அது எத்தனை தர்ரா?

அவன் இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். முதல் மதிப்பெண் பெறுபவன் அல்லன். ஆனால் கேள்வி கேட்பவன். என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டு, எனக்கு விடை தெரியாதவற்றை அதில் எழுதி வைக்கிறேன். அவன் கடைசியாக எழுதச் சொன்னது இது: "புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்சுமை உடையவை என்றால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்கரு ஏன் சிதறவில்லை?" மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயற்படும் வலிய அணுக்கரு விசை ஒன்று அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது, நியூட்ரான்களும் அதற்குத் துணை செய்கின்றன என்பது விடை. அதைக் கேட்டறிந்து சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவன் பொறுமையோடு காத்திருந்தான்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை கேட்கும்போது விடை தெரியாவிட்டால், தெரியாது என்று கூறுங்கள். பிறகு அவனோடு அமர்ந்து தேடுங்கள். வல்ல இறைவன் நமக்கும் நம் மக்களுக்கும் பயனுள்ள கல்வியை அதிகப்படுத்துவானாக! ஆமீன்.